டாக்டருக்குப் படிக்காதவர் வாய் திறக்கலாமா?

2021 மே 21, வெள்ளிக்கிழமை. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணபட்டணத்தில் போனிகி ஆனந்தய்யா என்ற நாட்டு வைத்தியரின் கொரோனா மருந்துக்காக ஆயிரக்கணக்கில் ஜனம் குவிந்தது. ஆம்புலன்ஸ்கள் வந்தன. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நோயாளிகள் வந்தார்கள். இடைவெளியாவது, முகக்கவசமாவது! கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போலீஸ் திணற, மருந்து விநியோகம் நிறுத்தப்பட்டது.

அதே நாளில் விசாகப்பட்டினத்தில் டாக்டர் சுதாகர் மாரடைப்பால் இறந்தார். நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனையின் மயக்க மருந்து நிபுணர். 2020 ஏப்ரலில் "எங்களுக்குப் போதுமான என்-95 முகக்கவசம் இல்லை" என்று வெளிப்படையாகச் சொன்னதற்காகப் பணியிடைநீக்கம் செய்யப்பட்டவர். அடுத்த மாதம் நடுரோட்டில் சட்டையில்லாமல் கைகள் கட்டப்பட்டுப் போலீஸால் இழுத்துச் செல்லப்பட்டு, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். அந்தக் காட்சியைப் பார்த்த உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

பட்டம் பெற்ற டாக்டர் தன் ஆஸ்பத்திரியில் என்ன இல்லை என்று சொன்னார், வேலை போயிற்று. பட்டம் இல்லாதவர் தன்னிடம் என்ன இருக்கிறது என்று சொன்னார், எம்.எல்.ஏ. முதல் குடியரசுத் துணைத் தலைவர் வரை அக்கறை காட்டினார்கள். ‘டாக்டருக்குப் படிக்காதவர்கள் மருத்துவத்தைப் பற்றிப் பேசலாமா?’ என்ற கேள்வியை இந்த நாளை வைத்துக்கொண்டு பார்த்தால், கேள்வியே கொஞ்சம் கோணலாக இருப்பது தெரியும்.

ரூயாவுக்கும் கிருஷ்ணபட்டணத்துக்கும் நடுவில்

திருப்பதியிலிருந்து கிருஷ்ணபட்டணம் போகும் வழியில் இருக்கும் நாயுடுபேட்டை அப்போது நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில்தான் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையும் திருப்பதிக்குப் பிரியும் சாலையும் சந்திக்கும் ஊர் இது. இந்த ஊர்க்காரருக்கு உடம்பு முடியாமல் போனால் மேற்கே திருப்பதி, வடக்கே நெல்லூர், தெற்கே சென்னை என்று மூன்று திசையும் திறந்திருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற இந்தப் பகுதியில் ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள்.

2021 மே மாதம் மூன்று திசையிலும் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மே 10 இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்து 11 நோயாளிகள் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் தாமதமானதுதான் காரணம் என்று நிர்வாகம் விளக்கியது. அதிலிருந்து சரியாக 11 நாளில்தான் கிருஷ்ணபட்டணத்தில் அந்தக் கூட்டம். திருப்பதிப் பக்கத்திலிருந்து போன வண்டிகளுக்கு காளஹஸ்தி, நாயுடுபேட்டை, கூடூர் என்பதுதான் வழி. அந்தச் சாலையில் போனவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்காற்று நின்றுபோன செய்தியைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் வண்டி ஏறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனந்தய்யா காசு வாங்கவில்லை. தேன், மிளகு, பச்சைக் கற்பூரம், சாதிக்காய், பட்டை, கருஞ்சீரகம், எருக்கம்பூ, வேப்பிலை என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சரக்குகள்தான். பி, எஃப், எல், கே என்று எழுத்துகளால் பெயர் வைத்த லேகியங்கள். இவற்றோடு, மூச்சுத்திணறல் முற்றியவர்களுக்கு என்று ஒரு கண் சொட்டு மருந்து. இந்தச் சொட்டு மருந்தில்தான் விஷயம் இருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதைக் கண்ணில் விட்டதும் சில நிமிடங்களில் தெம்பு வந்துவிட்டது என்று பேசிய வீடியோ ஊரெல்லாம் பரவியது. அந்த மனிதர் மே மாதக் கடைசியில் நெல்லூர் அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். முதல் வீடியோ போன வேகத்தில் இரண்டாவது செய்தி போகவில்லை.

மாநில அரசு ஆயுஷ் துறையை அனுப்பியது. ‘சரக்குகளில் கெடுதலானது எதுவும் இல்லை, ஆனால் இதை ஆயுர்வேத மருந்து என்று சொல்ல முடியாது’ என்றது துறை. மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சிக் கவுன்சில், மருந்து சாப்பிட்டவர்களின் விவரங்களைத் திரட்டியது. கொரோனாவைக் குணப்படுத்துவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மே 31 அன்று அரசு ஒரு முடிவை அறிவித்தது: பி, எல், எஃப் கொடுக்கலாம், கண்ணில் விடும் மருந்துக்கு அனுமதி இல்லை, நோயாளிகள் நேரில் வரக்கூடாது, டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தக்கூடாது.

இது சாமர்த்தியமான முடிவு. நேர்மையான முடிவு என்று சொல்ல மாட்டேன். ‘கெடுதல் இல்லை’ என்பதும் ‘குணமாக்கும்’ என்பதும் வேறு வேறு என்பதைக் கூட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை. கெடுதல் மருந்தில் மட்டும்தான் இருக்குமா? தொற்றுக் காலத்தில் ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்பதில் இருக்கிறது. மூச்சுத்திணறும் ஆளை 100 கிலோமீட்டர் காரில் வைத்துக் கொண்டுபோவதில் இருக்கிறது. கிருஷ்ணபட்டணத்துக்காரர்களுக்கு இது புரிந்திருந்தது. 2021 டிசம்பரில் ஒமைக்ரானுக்கும் மருந்து உண்டு என்று பேச்சு எழுந்தபோது, வெளியூர் நோயாளிகள் எங்கள் ஊருக்கு வரவேண்டாம் என்று சொந்த ஊர் ஜனங்களே எதிர்த்து நின்றார்கள். அவர்களில் யாரும் டாக்டர் இல்லை. அவர்கள் பேசியதும் பொதுச் சுகாதாரம்தான்.

மாடு நடக்கவில்லை என்றவர்கள்

இதே நெல்லூர் மாவட்டத்தில் இன்னொரு கதை உண்டு. 1930களில் நடந்தது. அன்றைய நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. பின்னாளில் பிரகாசம் மாவட்டத்துக்குப் போன கனிகிரி, பொதிலி, தர்சி எல்லாம் அப்போது நெல்லூரோடு சேர்ந்தவை. மழை குறைந்த, கிணற்றை நம்பிய மேட்டு நிலங்கள்.

அங்கே உழவு மாடுகள் நடக்க முடியாமல் நின்றன. மூட்டு இறுகி, வலியில் கால் எடுத்து வைக்க முடியாமல், ஏர் பூட்டினால் படுத்துக்கொண்டன. முதலில் கவனித்தவர்கள் சம்சாரிகள். பிறகு அதே விறைப்பு மனிதர்களிடமும் தெரிந்தது. பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். முதுகு வளைந்து நிமிர முடியாமல் போவது. 1937இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவரோடு மூன்று ஆய்வாளர்களும் சென்னை மாகாணத்தின் ஃபுளோரோசிஸ் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட இடம் என்று இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் நெல்லூர்தான் வருகிறது.

பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் படிகிறது. எலும்பு தடித்து, தசைநார்கள் சுண்ணாம்பு ஏறி இறுகுகின்றன. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். முற்றிய பிறகு இதற்கு மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

‘தண்ணீரில் ஃபுளோரைடு’ என்று அந்தச் சம்சாரிகளால் சொல்லியிருக்க முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனால் ‘மாடு நடக்கவில்லை’ என்று யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் ஆய்வுக்கூடத்துக்கு வேலையே இருந்திருக்காது. கண்ணால் கண்டதைச் சொல்வதற்குப் பட்டம் வேண்டியதில்லை. ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்லும்போது சோதனை வேண்டும். கவனியுங்கள், சோதனை என்றுதான் சொல்கிறேன். பட்டம் என்று சொல்லவில்லை. பட்டம் வாங்கிய பலர் சோதனையே இல்லாமல் காரணம் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கேள்வி சரி, பதில் தவறு

கண்டதைச் சொல்வது ஒரு பக்கம், காரணம் சொல்வது இன்னொரு பக்கம் என்று கோடு போட்டு நிறுத்திவிடலாம் என்று தோன்றும். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவின் கம்மம் மாவட்டம் அப்படி நிறுத்தவிடாது.

2009இல் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி, பாத் என்ற அமெரிக்க அமைப்பும் மாநில அரசுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 பேர். பலர் பழங்குடிக் குழந்தைகள்; அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பல ஒப்புதல் படிவங்களில் விடுதி வார்டன்களின் கையெழுத்து இருந்தது. டெல்லியைச் சேர்ந்த ‘சமா’ என்ற பெண்கள் அமைப்பு 2010 மார்ச்சில் ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களிடம் பேசி இதை வெளியே கொண்டுவந்தது. ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு, ஒப்புதல் வாங்கிய விதத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. மருத்துவ உலகத்துக்கு வெளியிலிருந்து வந்த கேள்வி இல்லாவிட்டால் அந்த வார்டன் கையெழுத்துகள் கோப்புக்குள்ளேயே கிடந்திருக்கும்.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு பேச்சும் பரவியது. திட்டத்தில் இருந்த ஏழு சிறுமிகள் இறந்திருந்தார்கள். ‘ஊசி கொன்றுவிட்டது’ என்று செய்தி. விசாரித்தபோது நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் வந்தன. தடுப்பூசியோடு அந்தச் சாவுகளுக்குத் தொடர்பு இருப்பதாக நிரூபணமாகவில்லை. கையெழுத்தைப் பற்றிய கேள்வி நூற்றுக்கு நூறு சரி. சாவைப் பற்றிய பதில் தவறு. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டதால், தவறான பதிலைக் காட்டி, சரியான கேள்வியையும் ‘தடுப்பூசி எதிர்ப்பு’ என்று தள்ளிவைக்க முடிந்தது. இன்னொரு பக்கம், நம் பெண்களை அதிகமாகக் கொல்லும் புற்றுநோய்களில் ஒன்றுக்கு எதிரான தடுப்பூசி, தேசியத் திட்டத்துக்குள் வரமுடியாமல் பல வருடம் வெளியே நின்றது. அந்தத் தாமதத்தின் விலையையும் ஏழைப் பெண்கள்தான் கொடுத்தார்கள்.

நடிகர் விவேக் இறந்தபோது நாம் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். ‘இரண்டுக்கும் தொடர்பு உண்டா?’ என்று கேட்பது நியாயம். கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நடிகர் மன்சூர் அலிகான் அந்தக் கேள்வியோடு நிற்காமல் தடுப்பூசியைக் குற்றவாளியாக்கிப் பேசினார். வழக்கு வந்து முன்ஜாமீனுக்குப் போன இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம், தடுப்பூசி வாங்குவதற்கு 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. வாய்க்கொழுப்புக்கு அபராதம் என்று பலர் சிரித்தார்கள். எனக்கு அந்த உத்தரவில் முழு உடன்பாடு இல்லை. பயந்த ஜனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது சுகாதாரத் துறை. நீதிமன்றம் அபராதம் போட்டதும் துறையின் வேலை முடிந்துவிடுவதில்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம் தாய் இறந்தார். இரண்டு வாரத்துக்குள் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோவையில் கைது செய்யப்பட்டார். இங்கே எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை. அறுவை அறையும் ரத்தமும் பக்கத்தில் இல்லாத இடத்தில் பிரசவம் பாருங்கள் என்று கட்டணம் வைத்துச் சொல்லித்தருவது கருத்துச் சுதந்திரம் ஆகாது.

பட்டத்தின் மறைவில்

2021 பிப்ரவரியில் பாபா ராம்தேவ் கொரோனில் மாத்திரையைப் பற்றிய ஆய்வறிக்கை என்று ஒன்றை டெல்லியில் வெளியிட்டபோது மேடையில் இருந்தவர் மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன். காது, மூக்கு, தொண்டை அறுவை நிபுணர். ராம்தேவுக்குப் பட்டம் இல்லை. மேடைக்குப் பட்டம் இருந்தது. இந்திய மருத்துவச் சங்கமே அமைச்சரிடம் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று.

இருமல் மருந்துக் கதையும் இப்படித்தான். 2022இல் காம்பியா நாட்டில் குழந்தைகள் இறந்து, இந்தியாவில் தயாரான சிரப்புகள் மீது உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முன்பே, 2020 தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகரில் குழந்தைகள் இறந்திருந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான்தான் விஷம். நம் மருந்துக் கட்டுப்பாட்டில் ஓட்டை இருக்கிறது என்று விடாமல் எழுதியும் வழக்குப் போட்டும் வந்தவர் தினேஷ் தாக்கூர். ரான்பாக்சி நிறுவனத்தின் மோசடியை வெளிக்கொண்டுவந்தவர், படித்தது பொறியியல். ‘நீ டாக்டரா?’ என்று கேட்டு அவரை யாரும் ஒதுக்கிவிடலாம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது அந்த சிரப் தயாரான இடம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம். தமிழ்நாட்டு ஆய்வகம் அதில் 48.6 சதவீதம் அந்த விஷத்தைக் கண்டது. பாதி மருந்து, பாதி விஷம். எழுதிக்கொடுத்தது பட்டம் பெற்ற குழந்தை மருத்துவர். தயாரித்தது உரிமம் பெற்ற ஆலை. மேற்பார்வை செய்யவேண்டியது சம்பளம் வாங்கும் துறை.

தாக்கூரைப் போல டாக்டராக இல்லாமல் கேள்வி கேட்ட இன்னொருவர் மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன். காசநோய் இரண்டு முறை வந்தது. குணப்படுத்தப் போட்ட ஊசியின் பக்கவிளைவால் காது கேட்காமல் போயிற்று. காதைக் கெடுக்காத பெடாக்குவிலின் என்ற புது மாத்திரைக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் இன்னும் சில வருடம் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டபோது, 2019இல் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயோடு சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்தார். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்த மனுவை அவர் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், காப்புரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே எதிர்க்கலாம் என்று சொல்வதுதான். மருத்துவர் சான்றிதழ் கேட்கவில்லை அந்தச் சட்டம்.

சட்டத்தில் எங்கே கோடு?

நம் சட்டங்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடத் தெளிவானவை. பதிவு இல்லாமல் மருத்துவத் தொழில் செய்தால் 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். இன்ன வியாதியைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதை 1954இலேயே ஒரு சட்டம் தடுத்துவிட்டது. பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பதும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்து விற்பதும் குற்றம். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, ஊசி போட்டதும் குழந்தைக்கு வலிப்பு வந்தது, பில்லில் போடாத மருந்துக்குப் பணம் வாங்கினார்கள் என்று சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்ஸிஜன் கேட்டுச் சமூக வலைத்தளங்களில் எழுதியவர்கள் மேல் வழக்குப் போடத் தொடங்கியபோது உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று, அப்படி வாயை அடைத்தால் நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்வோம் என்று சொன்னது.

நடைமுறை தலைகீழ். 2020 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் நகரியின் நகராட்சி ஆணையர், பாதுகாப்பு உடைகளும் நிதியும் இல்லை என்று வீடியோவில் சொன்னார். அவர் டாக்டர் இல்லை, ஆனால் ஊரின் துப்புரவுப் பணியாளர்களுக்குப் பொறுப்பானவர். பணியிடைநீக்கம் கிடைத்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலோ ஆர்.எம்.பி. டாக்டர்கள் என்று அழைக்கப்படுகிறவர்கள் பட்டமில்லாமல் சலைன் ஏற்றுவதும் ஸ்டீராய்டு போடுவதும் பகிரங்கமாகவே நடக்கிறது. ராஜசேகர ரெட்டி முதல்வராக இருந்தபோது இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டமே போடப்பட்டது. இந்தியாவில் தங்களை ஆங்கில மருத்துவர் என்று சொல்லிக்கொண்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு மருத்துவப் படிப்பே இல்லை என்று 2001 மக்கள்தொகைக் கணக்கை அலசிய உலக சுகாதார நிறுவன அறிக்கை 2016இல் சொன்னது. பட்டமில்லாமல் ஊசி போடுகிறவரை விட்டுவிடுகிறோம். பட்டமில்லாமல் கேள்வி கேட்கிறவரை ‘உனக்கென்ன தெரியும்’ என்கிறோம்.

ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இது வேறு மாதிரி நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் மனைவி ‘இந்த மாத்திரை போட்டதிலிருந்துதான் இவருக்கு உளறல்’ என்று சொன்னால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் எத்தனை பேர் நின்று கேட்கிறார்கள்? கேட்டவர்கள் நல்ல டாக்டர்கள். அந்த அம்மாவுக்கு மருந்தியல் தெரியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அது டாக்டரிடம் இல்லாத தகவல்.

அந்தத் தகவலை வாங்கிக்கொள்ள அரசிடமே ஒரு வாசல் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தொகுப்பு ஆணையம் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஒரு மருந்தால் கெடுதல் நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் டாக்டரோ நர்சோ மட்டுமல்ல, நோயாளியே தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளிகளுக்கென்றே தனிப் படிவமும் உண்டு. பிராந்திய மொழிகளிலும் போட்டிருக்கிறார்கள். யார் சாப்பிட்டது, என்ன மருந்து, எப்போது சாப்பிட்டது, என்ன ஆயிற்று என்ற அளவில்தான் அதன் கேள்விகள். காரணம் கேட்பதில்லை, அதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

நாயுடுபேட்டை மருந்துக் கடைகளின் சுவரில் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்பதைத் தெலுங்கில் எழுதி வைக்க இடம் இருக்கிறது. இந்த எண்ணுக்கும் இடம் இருக்கும். மருந்து வாங்கினால் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடாமல் பேட்ச் எண்ணையும், பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பில் கொடுக்க மாட்டேன் என்றால் கேட்டு வாங்குங்கள். புகார் சொல்லும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.